மேசையளவு ரயில்: முதல் மாதிரி ரயில் தொகுப்பைத் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

பணி ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்த ஒருவர், தம் ஒன்பது வயதுப் பேத்திக்காக ஒரு மாதிரி ரயில் தொகுப்பை வாங்கினார். அவர் முன்பு என்னுடன் பணியாற்றியவர்; என்னைத் 'தம்பி' என்று அழைப்பவர். பல ஆண்டுகளாக இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கும் என்னிடம் வாங்குவதற்கு முன் அவர் எதுவும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, "இன்ஜின் கெட்டுவிட்டது, வந்து பார்" என்று தொலைபேசியில் சொன்னபோதுதான் நான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். அன்று முதல் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நடந்தவற்றை, என் தவறுகளையும் சேர்த்து, இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் வாங்கியது 'என்' (N) ஸ்கேல் எனப்படும் அளவுவிகிதத்தில் அமைந்த தொகுப்பு. தண்டவாளங்களுக்கு இடையே 9 மி.மீ. இடைவெளி இருப்பதால் இந்த அளவுக்கு அப்பெயர் வந்தது. ஒன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஜெர்மன் சொல்லும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. தொகுப்பில் மூன்று அச்சுகள் கொண்ட ஒரு குட்டி நீராவி இன்ஜின், நான்கு சக்கர வேகன்கள் மூன்று, நீள்வட்டப் பாதைக்கான தண்டவாளத் துண்டுகள், ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் ஒரு பாயிண்ட், அதிலிருந்து பிரியும் ஒரு சைடிங் (கிளைப்பாதை), 12 வோல்ட் வரை தரும் ஒரு கன்ட்ரோலர் ஆகியவை இருந்தன. வளைவுகளின் ஆரம் சுமார் 195 மி.மீ.; ஐரோப்பிய 'என்' ஸ்கேல் தொகுப்புகளில் முதல் வளைவாக வழக்கமாக வரும் அளவு இது. இவற்றோடு, தனியாகக் கிடைத்த இரண்டு நீளமான பயணிகள் பெட்டிகளையும் அவர் வாங்கியிருந்தார். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். அட்டைப்பெட்டியின் மேலிருந்த படத்தையும், உள்ளே எத்தனை துண்டுகள் உள்ளன என்ற கணக்கையும் பார்த்ததாக அவர் ஒளிவில்லாமல் சொன்னார். பெரும்பாலோர் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் தொகுப்பை நானும் அப்படித்தான் வாங்கினேன்.

முதல் வருகையில் கவனித்தவை

பாதை தரைவிரிப்பின் மேல் அமைக்கப்பட்டிருந்தது. கீழே கெட்டியான தளம் கொண்ட துண்டுகளாக இல்லாமல், ஸ்லீப்பர்களும் தண்டவாளமும் மட்டுமே உள்ள மெல்லிய துண்டுகளாக அவை இருந்ததால், விரிப்பின் மென்மையில் ஒவ்வோர் இணைப்பும் சற்று மேலும் கீழுமாக வளைந்து நின்றது. இன்ஜினைக் கவிழ்த்துப் பார்த்தபோது பின் அச்சில் விரிப்பின் நூலிழைகள் சுற்றியிருந்தன. அவற்றைக் கூர்மையான இடுக்கியால் எடுத்த பிறகு, பாதையைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றி, பத்துச் சுற்று ஓடவிட்டு, எங்கெங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்தோம். பத்துச் சுற்றில் பதினான்கு முறை நின்றது. நின்ற இடங்கள் சிதறியிருக்கவில்லை. மின் இணைப்பு உள்ள இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் ஒரு கூட்டமும், பாயிண்டின் மேல் ஒரு கூட்டமுமாக அவை அமைந்திருந்தன.

இன்ஜின் கெட்டிருந்தால் எங்கு வேண்டுமானாலும் நிற்கும்; ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால், குற்றத்தைப் பாதையில் தேட வேண்டும். மின்னளவியை வைத்துப் பார்த்தபோது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் மின் இணைப்பின் அருகே 9.2 வோல்ட் இருந்தது, எதிர்ப்புறத்தில் 7.1 தான் இருந்தது. தளர்ந்த இணைப்புத் தகடுகள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக மின்னழுத்தத்தை விழுங்கியிருந்தன. பாயிண்டின் கதை வேறு. இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை அதில் பிளாஸ்டிக்கால் ஆனது; அதன் மேல் நிற்கும் சக்கரத்துக்கு மின்சாரம் வராது. இந்த இன்ஜினின் ஆறு சக்கரங்களில் இரண்டு, பிடிமானத்துக்காக ரப்பர் வளையம் பூட்டப்பட்டவை. அவை மின்சாரம் எடுப்பதில்லை. எஞ்சிய நான்கில் ஒரு பக்கத்துக்கு இரண்டு. ஒன்று பிளாஸ்டிக் முனையிலும் மற்றொன்று தூசியிலும் நின்றுவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். சிறிய அளவு மாதிரிகளில் எடையும் குறைவு என்பதால், சக்கரம் தண்டவாளத்தை அழுத்தும் விசையும் குறைவு. பெரிய அளவில் பொருட்படுத்தத் தேவையில்லாத அழுக்கு இங்கே வண்டியை நிறுத்திவிடும்.

நீளப்பெட்டிகள் வளைவில் தடம் புரண்டன. ஒவ்வொன்றும் 165 மி.மீ. நீளம்; 26.4 மீட்டர் நீளமுள்ள உண்மையான பெட்டியை 1:160 விகிதத்தில் சுருக்கினால் வரும் அளவு அது. கொக்கிகள் சக்கரத் தொகுதியோடு சேர்ந்து திரும்பாமல் பெட்டியின் உடலிலேயே பொருத்தப்பட்டிருந்தன. 195 மி.மீ. ஆரத்தில் அத்தகைய இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து வளையும்போது, ஒன்றின் முனை மற்றொன்றைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அனுபவசாலிகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: மிக நீளமான பெட்டியின் நீளத்தைப்போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் கவலை வேண்டாம், இரண்டு மடங்குக்குக் கீழே போனால், அதற்கென வடிவமைத்த வண்டிகள்தான் ஓடும். இங்கே அந்த மடங்கு ஒன்றே கால்கூட இல்லை.

இன்னொன்றையும் அன்று தாளில் எழுதினேன். நாங்கள் இருவரும் மின்னளவியோடு போராடிக்கொண்டிருந்தபோது, பேத்தி கழற்றி வைத்த வேகன்களை நிறவாரியாக வரிசைப்படுத்தி, கையாலேயே சைடிங்கில் தள்ளி, மறுபடி வேறு வரிசையில் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுதினேனே தவிர, அதற்குப் பொருள் உண்டென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உடனடியாகச் செய்தவை

எதையும் தூக்கி எறிய வேண்டாம், முதலில் இருப்பதைச் சீர்செய்வோம் என்று முடிவு செய்தோம். இணைப்புத் தகடுகளைக் குறட்டால் மெல்ல இறுக்கினோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் தண்டவாளங்களையும் சக்கரங்களையும் துடைத்தோம். துணியில் கருமையாக ஒட்டியது, மூன்று வாரத்துக்குள் எவ்வளவு சேரும் என்பதைக் காட்டியது. உப்புத்தாளைப் பயன்படுத்தலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன், ஏனெனில் அது விடும் நுண்ணிய கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். எதிர்ப்புறத்தில் இரண்டாவது மின் இணைப்பு ஒன்றையும் கொடுத்தோம்.

மறுபடி பத்துச் சுற்று ஓடவிட்டோம். நின்றது மூன்று முறை; மூன்றும் பாயிண்டின் பிளாஸ்டிக் முனையில். இந்த எண்ணிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அளவுவிகிதத்தைப் பற்றிய விவாதம்

இவ்வளவு செய்தும் நீளப்பெட்டிகள் ஓடவில்லை. பெரியவருக்கோ அவற்றை ஓடவைத்தே ஆக வேண்டும் என்ற விருப்பம். ஆகவே புதிய தொகுப்பு ஒன்றை வாங்குவது, அது எந்த அளவுவிகிதத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. எச்ஓ அளவுக்கே மாறிவிடலாம் என்று அவர் நினைத்தார். அது 1:87 விகிதம், 16.5 மி.மீ. இடைவெளி; கைக்கு எளிது, கண்ணுக்கும் எளிது. அவர் கையில் லேசான நடுக்கம் உண்டு என்பதால் அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் பாதைக்கு இருந்த இடம் சாப்பாட்டு மேசை மட்டுமே: 1200 மி.மீ. நீளம், 750 மி.மீ. அகலம். எச்ஓ தொகுப்புகளில் மிகப் பரவலான சிறு வளைவின் ஆரம் 360 மி.மீ. அளவில் இருக்கும். அரைவட்டத்துக்கு 720, பாதைத் தளத்தின் அகலம் 40 என்று கூட்டினால் 760 மி.மீ. ஆகிறது, மேசையைவிட 10 மி.மீ. அதிகம். அவர் நம்பவில்லை. செய்தித்தாள்களை ஒட்டி அந்த அளவில் ஒரு வட்டம் வெட்டி மேசை மேல் விரித்தோம். இரு ஓரங்களிலும் தாள் மடிந்து தொங்கியதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. பிரித்தானிய ஓஓ அளவும் அதே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடுகிறது என்பதால் அதற்கும் இதே விடைதான்.

எதிர்த்திசையில் இசட் ஸ்கேல் இருந்தது. மார்க்லின் நிறுவனம் 1972-இல் அறிமுகப்படுத்திய இந்த அளவு 1:220. தண்டவாள இடைவெளி 6.5 மி.மீ. இதே மேசையில் நீண்ட ரயில்களை அகலமான வளைவுகளில் ஓட்டும் வாய்ப்பை அது தரும். ஆனால் அந்தச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பது நடுங்கும் கைக்கும் குழந்தையின் அவசரத்துக்கும் ஒத்துவராது. அழுக்கைப் பொறுக்காத தன்மையும் அங்கே இன்னும் கூடுதல். எனவே 'என்' ஸ்கேலிலேயே நிற்பது என்று முடிவாயிற்று. அதற்குள்ளும் சிறு வேறுபாடு உண்டு என்பதை அவருக்கு விளக்க நேர்ந்தது: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:160, பிரித்தானியாவில் 1:148, ஜப்பானின் சாதாரண ரயில்களுக்கு 1:150, அங்குள்ள ஷின்கான்சென் ரயில்களுக்கு மட்டும் 1:160. பாதை எல்லாவற்றுக்கும் அதே 9 மி.மீ. என்பதால் எல்லாம் கலந்து ஓடும். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் உயர வேறுபாடு தெரியும்.

பாதை, இன்ஜின், கன்ட்ரோலர் பற்றிய முடிவுகள்

தினமும் சாப்பாட்டுக்கு முன் எடுத்து வைக்க வேண்டிய பாதை என்பதால், கெட்டியான தளத்தோடு வரும் தண்டவாளமே வேண்டும் என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. ஜப்பானின் காட்டோ, டோமிக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் பாதை முறைகளையும் ஒப்பிட்டோம். இரண்டும் நல்லவை, ஆனால் இணைப்பு முறையும் வளைவு அளவுகளும் வேறு. இரட்டைப் பாதைக்கான இடைவெளி ஒன்றில் 33 மி.மீ., மற்றொன்றில் 37 மி.மீ. ஆக, தொகுப்பை வாங்குவது என்பது உண்மையில் ஒரு பாதை முறைக்குள் நுழைவதாகும். பெட்டியில் உள்ள ரயிலைப் பின்னர் எளிதாக மாற்றிக்கொள்ளலாம், பாதையை அவ்வாறு மாற்ற முடியாது என்பதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். பழைய துண்டுகளை இணைக்கும் மாற்றுத் துண்டு கிடைப்பதாலும், 25 மி.மீ. தள அகலம் மேசைக் கணக்குக்கு ஒத்துவந்ததாலும் காட்டோவின் யூனிட்ராக் முறையைத் தேர்ந்தோம்.

வளைவு அளவைத் தேர்ந்தெடுத்ததில் நாங்கள் செலவிட்ட நேரம் வீணாகவில்லை. 348 மி.மீ. ஆரத்தில் மொத்த அகலம் 721. மேசையின் இரு ஓரங்களிலும் 14 மி.மீ. மட்டுமே மிஞ்சும், தடம் புரளும் இன்ஜின் நேராகத் தரையில் விழும். 282 மி.மீ. ஆரம் தாராளமாகப் பொருந்தினாலும் நீளப்பெட்டிகளுக்கு இறுக்கம். 315 மி.மீ. ஆரத்தில் மொத்த அகலம் 655. ஓரத்துக்கு 47 மி.மீ. கிடைக்கும். நீளவாக்கில் 248 மி.மீ. நேர்த்துண்டுகளைப் பக்கத்துக்கு இரண்டு வைத்தால் 1151 வருகிறது; அதுவும் மேசைக்குள் அடங்கும். பாலம் அமைத்து ஒரு பாதையை மற்றொன்றின் மேல் ஏற்றலாமே என்று பேத்தி கேட்டாள். கீழே ரயில் போவதற்கு 50 மி.மீ. அளவில் உயரம் வேண்டும். மீட்டருக்கு 40 மி.மீ. என்ற செங்குத்தான ஏற்றத்திலேயே அதற்கு ஒன்றே கால் மீட்டர் ஓட வேண்டும், இறங்குவதற்கும் அவ்வளவே. பாலம் கைவிடப்பட்டது.

இன்ஜினைப் பொறுத்தவரை, நான்கு அச்சுகள் கொண்ட டீசல் இன்ஜின் ஒன்றைப் பரிந்துரைத்தேன். எட்டுச் சக்கரங்களும் மின்சாரம் எடுப்பதால் அது நிற்கும் வாய்ப்புக் குறைவு. பழைய வேகன்களோடு சேர வேண்டும் என்பதற்காக, ஆர்னால்டு நிறுவனம் அறிமுகப்படுத்திப் பின்னர் பல நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட அந்தப் பெட்டி வடிவக் கொக்கி உள்ளதாகவே பார்த்து எடுத்தோம். டிசிசி என்னும் இலக்கக் கட்டுப்பாடு இப்போது வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். ஒரே பாதையில் ஒரே இன்ஜின் ஓடும்வரை அதனால் கிடைக்கும் பயன், அது கேட்கும் கவனத்துக்கு ஈடாகாது. பிற்பாடு மனம் மாறினால் அதற்கான மின்னணுச் சில்லான டிகோடரைப் பொருத்துவதற்கு இடமுள்ள இன்ஜினாக இருப்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டோம்.

பாயிண்ட் எதுவும் வேண்டாம், முதலில் ஒரு நீள்வட்டம் நிற்காமல் ஓடட்டும் என்பதும் என் பரிந்துரைதான்.

இரண்டு மாதங்களில் நடந்தது

புதிய பாதையில் ரயில் நிற்காமல் ஓடியது. பத்துச் சுற்று, இருபது சுற்று, ஒருமுறைகூட நிற்கவில்லை. நீளப்பெட்டிகள் இழுத்துச் செல்லும்போது ஒழுங்காக வந்தன; பின்னோக்கித் தள்ளும்போது மட்டும் எப்போதாவது தடம் மாறின. பாதையை அமைக்கப் பத்து நிமிடம், எடுத்து வைக்க அதைவிடக் குறைவு. சக்கரங்களைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்கான சரிவுத் தகடு ஒன்றை வாங்கிக் கொடுத்தபின் பெரியவரின் கைநடுக்கம் ஒரு தடையாக இருக்கவில்லை. தொழில்நுட்ப நோக்கில் இதைவிட என்ன வேண்டும் என்று நான் திருப்தியடைந்திருந்தேன்.

ஆனால் இரண்டாம் மாத இறுதியில் பாதை பெட்டிக்குள்ளேயே இருந்தது. முதல் வாரத்தில் நாள்தோறும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு நான் வரும்போது மட்டும் என்று அது குறைந்துபோயிற்று. ஏன் என்று பேத்தியிடம் கேட்டேன். "மாமா, இந்த வண்டி எங்கே போகுது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அது எங்கும் போகவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்துகொண்டிருந்தது. முதல் நாள் தாளில் நான் எழுதிவைத்த குறிப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் குழந்தைக்கு வண்டி ஓடுவதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை; வேகன்களைப் பிரித்து, மாற்றி, சேர்ப்பதில்தான் ஈடுபாடு. அதற்கு அவசியமான ஒரே பொருளான பாயிண்டை நான்தான் நீக்கியிருந்தேன்.

திசை மாற்றம்

ஆலன் ரைட் என்ற ஆங்கில மாதிரி ரயில் ஆர்வலர் வடிவமைத்த ஷண்டிங் (வேகன்களைப் பிரித்து, இடம் மாற்றிச் சேர்த்தல்) புதிர் ஒன்று உண்டு. இங்கிள்நுக் என்பது அதன் பெயர். இரண்டு பாயிண்டுகள், மூன்று சைடிங்குகள். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. முன்புறத் துண்டுப் பாதையில் இன்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும். எட்டு வேகன்களில் குலுக்கலில் வரும் ஐந்தை, வந்த வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். சாத்தியமான வரிசைகள் 6720. இதற்கு நீள்வட்டமோ வேகமோ தேவையில்லை.

அளவெடுத்தோம். எங்கள் வேகன் கொக்கியோடு 70 மி.மீ.; டீசல் இன்ஜின் 110. முன்புறப் பாதைக்கு 320, தலா 126 மி.மீ. நீளமுள்ள இரண்டு பாயிண்டுகளுக்கு 252, பக்கத்துப் பாதையில் நிற்கும் வேகனை உரசாமல் இருக்க ஏறத்தாழ 100, ஐந்து வேகன்களுக்கு 350. ஆக 1022 மி.மீ. ஒரு 1200க்கு 300 மி.மீ. பலகையில் இது முழுவதும் அடங்கியது. வேலை முடிந்ததும் அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைக்கலாம். பாயிண்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, குறுக்கு முனை உலோகத்தால் ஆனதும் மின்சாரம் பெறுவதுமான வகையாகப் பார்த்து எடுத்தோம். கொக்கிகளைப் பிரிப்பதற்குப் பெரியவரே கம்பியை வளைத்து ஒரு சிறிய கவைக்கருவி செய்துகொடுத்தார்.

மேலும் ஐந்து வேகன்கள் வந்து சேர்ந்தன. வரிசையைக் குலுக்கிப் போட எண்ணெழுதிய சீட்டுகள். இங்கே ஒரு சிறு சிக்கல் எழுந்தது: டீசல் இன்ஜினோடு முன்புறப் பாதை மிகச் சரியாக நிரம்பிவிடுவதால், பாயிண்டைக் கடந்து நிற்பதில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசி வேகனின் சக்கரம் பாயிண்டின் மேலேயே நின்றது. "தாத்தா, அந்தக் குட்டி இன்ஜினை எடுங்க" என்றாள் பேத்தி. அது ஓடாதே என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். எடுத்து வைத்தோம். ஓடியது. குறைந்த வேகத்தில், பாயிண்டுகளின் மேல், நிற்காமல் ஓடியது. முதல் நாள் எஞ்சிய மூன்று நிறுத்தங்களும் பிளாஸ்டிக் முனையில் நிகழ்ந்தவை என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தும், இன்ஜினை மாற்ற வேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேன். புதிய நீள்வட்டத்தில் அந்தப் பழைய இன்ஜினை ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை. வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இப்போதைய நிலை

ஷண்டிங் பலகை வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வெளியே வருகிறது. குட்டி இன்ஜின்தான் அதில் வழக்கமாக வேலை செய்கிறது. எத்தனை நகர்த்தல்களில் முடித்தோம் என்று இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். தாத்தாவின் சராசரி பேத்தியின் சராசரியைவிட மோசம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் அறிவிக்கப்படுகிறது. நீள்வட்டப் பாதையும் டீசல் இன்ஜினும் வீணாகவில்லை, ஆனால் அவை இனி பெரியவருடையவை. நீளப்பெட்டிகளைக் கோத்து, மெதுவாகச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத்தான் பிடித்திருக்கிறது.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

இதே சூழ்நிலையில் என்னிடம் யாராவது மறுபடி வந்தால், செய்தித்தாள் வட்டத்தை விரிப்பதற்கும் முன்னால், வண்டியை ஓடவிட்டுப் பார்க்க விருப்பமா, வேகன்களைப் பிரித்துச் சேர்க்க விருப்பமா என்று கேட்பேன். குழந்தையிடம் வாயால் கேட்பதைவிட, நான்கு வேகன்களையும் ஒரு துண்டுத் தண்டவாளத்தையும் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பொருளை மாற்றும்படி சொல்வதற்கு முன், பழையதைப் புதிய பாதையில் ஒருமுறை ஓடவைப்பேன். பாயிண்ட் உள்ள தொகுப்பாக இருந்தால், அதன் குறுக்கு முனை பிளாஸ்டிக்கா உலோகமா என்பதை வாங்கும் முன்பே விசாரிக்கச் சொல்வேன். வளைவு ஆரம் பற்றிய கணக்கை இப்போதும் அப்படியே செய்வேன். அதில் மாற்ற எதுவுமில்லை. இரண்டு மின் இணைப்புகளையும் முதல் நாளே கொடுப்பேன். தரைவிரிப்பின் மேல் பாதை போட வேண்டாம் என்பதைப் பெட்டியைத் திறக்கும்போதே சொல்வேன். பெரியவரின் குட்டி இன்ஜினின் பின் அச்சில் இன்னும் ஒரு நூலிழை இருக்கிறது. பல்சக்கரத்துக்குள் போய்விட்டதால் அதை எடுக்க முழுவதும் பிரிக்க வேண்டும், பேத்தி அதற்கு இன்னும் அனுமதி தரவில்லை.